உயரம் வேறு, ட்ராவல் வேறு: பக்கிக்கு நீள சஸ்பென்ஷன் கட்டும் முன்

டர்பனில் பிக்கப் என்று சொன்னால் சிரிப்பார்கள். இங்கே அது பக்கி. சஸ்பென்ஷன் வேலையில் கை வைத்தால் பக்கியும் பாக்கியும் ஒரே வாசலில் வந்து நிற்கும் என்பது வேறு கதை. ஊருக்குத் தெற்கே ப்ராஸ்பெக்டன் ஆலையில்தான் ஹைலக்ஸ் உருவாகிறது. அதனால் நம்மவர் வீடுகளில் அதுவே அதிகம், கீழே வரும் விவரங்களும் பெரும்பாலும் அந்த அமைப்புக்குத்தான்: முன்னால் சக்கரத்தைத் தாங்க மேலும் கீழுமாக இரட்டை ஆர்ம், காயில் ஸ்பிரிங்குக்குள் ஷாக், பின்னால் ஒரே ஆக்ஸில், லீஃப் ஸ்பிரிங். ரேஞ்சர், டி-மேக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வண்டியை 50 மி.மீ. தூக்கியதால் சஸ்பென்ஷன் நீளமாகிவிடாது. ட்ராவல் என்பது சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையிலிருந்து முழுக்க ஏறி அமரும் நிலை வரை போகும் தூரம். ஸ்பிரிங்கின்மேல் ஸ்பேசர் வைத்து 40 மி.மீ. தூக்கினால், கீழே தொங்கும் தூரத்தில் அதே 40 போய்விடும். சின்ன மேட்டில் ஏறி இறங்கினாலே ஷாக் முழுக்க நீண்டு 'டங்' என்று முனையில் இடிக்கும். ஷாக்கின் தலையில் போல்ட் போட்டு வைக்கும் ஸ்பேசர் இன்னும் மோசம். ஷாக்கே நீளமான மாதிரி ஆகிவிடுவதால் தொங்கலில் பால் ஜாயின்ட்டும் (ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் உருண்டை மூட்டு) சி.வி. ஜாயின்ட்டும் (டிரைவ் ஷாஃப்டின் மடங்கும் மூட்டு) தாங்காத கோணத்துக்குப் போகும். அழுத்தத்தில், பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பைத் தொடுவதற்குள் ஷாக்கின் உள்ளே இரும்போடு இரும்பு மோதும்.

இருப்பதை அளக்காமல் எதையும் வாங்க வேண்டாம். சேஸிஸை ஸ்டாண்டில் நிறுத்தி, ஷாக்கைக் கழற்றி, காயிலை எடுத்துவிட்டு, வெறும் ஷாக்கைத் திரும்ப மாட்டுங்கள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் இல்லாமல் காயிலில் கை வைக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் காயில் நழுவினால் கை போகும், சில நேரம் அதைவிடப் பெரியதும் போகும். பிறகு கீழ் ஆர்மின் அடியில் ஜாக்கி வைத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் குறித்துக்கொண்டே மேலே ஏற்றுங்கள். சக்கரம் எவ்வளவு நகர்ந்தது, ஷாக் எவ்வளவு சுருங்கியது என்று இரண்டையும் எழுதுங்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது மோஷன் ரேஷியோ. மீதி எல்லாமே இந்த ஒரு எண்ணில் தொங்குகிறது.

ஓர் உதாரணம். கீழ் ஆர்மின் நீளம் 400 மி.மீ., ஷாக் பிடித்திருக்கும் இடம் உள்முனையிலிருந்து 220 மி.மீ. என்று வையுங்கள். ரேஷியோ 0.55. ஷாக்கின் ஸ்ட்ரோக் (சுருங்கி நீளும் தூரம்) 150 என்றால் சக்கரத்துக்கு 150ஐ 0.55ஆல் வகுக்க 273 மி.மீ. கிடைக்கும். காயிலின் விறைப்பு அங்குலத்துக்கு 600 பவுண்டு, அதாவது மில்லிமீட்டருக்கு 105 நியூட்டன். சக்கரத்தில் அந்த விறைப்பு ரேஷியோவின் வர்க்கத்தால் குறையும்: 105 × 0.3025 = 31.8. அந்த மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 500 கிலோ என்றால் வண்டி தன் பாரத்தால் மட்டும் சக்கரத்தில் 154 மி.மீ. அமரும். அப்படியே விட்டால் தொங்கலுக்கு 154, ஏற்றத்துக்கு 119 மட்டும் மிஞ்சும். வேகமாக ஓட்டுகிற வண்டிக்கு இது தலைகீழ். மொத்தத்தில் 60 சதவீதம் ஏற்றத்துக்கு வேண்டும், அதாவது 164. அப்படியானால் தொங்கல் 109தான். வித்தியாசம் 45, அதை 0.55ஆல் பெருக்கினால் காயிலில் 25 மி.மீ. ப்ரீலோட், அதாவது முன்கூட்டிய அமுக்கம், வைக்க வேண்டும். கூடவே பார்க்க வேண்டியது: ஸ்ட்ரோக் 150, ப்ரீலோட் 25, ஆக மொத்தம் 175 மி.மீ. சுருங்கியும் காயிலின் சுருள்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது. கடைக்காரர் நீளத்தைச் சொல்வார், விறைப்பைச் சொல்வார், முழுக்க நசுங்கிய உயரத்தைக் கேட்டால்தான் சொல்வார்.

நீள சஸ்பென்ஷன் என்று விற்கும் முன்பக்க கிட் இந்த ஆர்மைத்தான் நீட்டுகிறது. பக்கத்துக்கு 75 மி.மீ. கூடினால் 400 இப்போது 475. ஷாக்கின் இடம் மாறவில்லை, ரேஷியோ 0.463 ஆகிவிட்டது. அதே ஷாக், ஆனால் 324 மி.மீ. ட்ராவல். வெல்டிங் மட்டும் தெரிந்தவர் மகிழ்ந்து போவது இங்கேதான். பழைய காயிலை அப்படியே மாட்டினால் சக்கரத்தின் விறைப்பு 31.8லிருந்து 22.5க்கு விழும், மூக்கு தரையைப் பார்க்கும். பழைய நிலைக்கு வர 148 நியூட்டன், ஏறக்குறைய 850 பவுண்டு காயில் வேண்டும். ஷாக் மவுன்ட்டில் விழும் சுமையும் 8.9 கிலோ நியூட்டனிலிருந்து 10.6க்கு ஏறுகிறது, அதுவும் வண்டி சும்மா நிற்கும்போது. பள்ளத்தில் விழும்போது இதைப்போல் சில மடங்கு. சேஸிஸில் அந்த மவுன்ட்டைச் சுற்றி வலுவூட்டாமல் கிட் மட்டும் மாட்டினால் முதலில் பெயின்டில் மயிரிழைக் கோடு தெரியும், பிறகு அது விரியும்.

சக்கரம் வெளியே போனால் டிரைவ் ஷாஃப்ட், டை ராட், பிரேக் ஹோஸ், ஏ.பி.எஸ். ஒயர் எல்லாம் நீள வேண்டும். மட்கார்டும் அகல வேண்டும். டயர் வெளியே துருத்தினால் ரோட்வொர்த்தி பரிசோதனையில் கேள்வி வரும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள், வாய் வார்த்தை க்ளெய்ம் நேரத்தில் உதவாது. ஆர்மை நீட்டாமல் வீல் ஸ்பேசர் வைத்து அகலம் மட்டும் காட்டுவது வீண். பேரிங்குக்குச் சுமை கூடும், ட்ராவல் ஒரு மில்லிமீட்டரும் கூடாது.

மேல் ஆர்மையும் மாற்ற வேண்டும். ஃபேக்டரி பால் ஜாயின்ட்டின் கோணம் நீள தொங்கலுக்குப் போதாது, தூக்கியதில் கேஸ்டரும் (ஸ்டீரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்துவிடும், ஸ்டீரிங் நேராகத் திரும்பி வராது. யூனிபால் என்ற உலோக உருண்டை மூட்டு போட்ட ஆர்ம் கோணம் தரும், ஆனால் திறந்த மூட்டு. டர்பன் உப்புக் காற்றுக்கு அது சீக்கிரம் முனகத் தொடங்கும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ரப்பர் உறை போட்ட பெரிய கோண பால் ஜாயின்ட்டே நல்லது.

சி.வி.யைச் சோதிக்கும் முறை எளிது: சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு, ஸ்டீரிங்கை ஒரு பக்கம் கடைசி வரை ஒடித்து, கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். எங்காவது கரகரத்தாலோ இறுகினாலோ தொங்கல் அதிகம். டிஃப்ரன்ஷியலை 25 மி.மீ. இறக்குவது கொஞ்சம் உதவும், ஆனால் உண்மையான தீர்வு லிமிட் ஸ்ட்ராப், தொங்கலை நிறுத்தும் பட்டை. நைலான் பட்டை இழுபடும், அடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்துக் கணக்கிடுங்கள். ஷாக் முழுக்க நீளும் முன்பே பட்டை பிடிக்க வேண்டும். சி.வி. உடைவது பெரும்பாலும் மணலில் சிக்கி, ஸ்டீரிங்கை ஒடித்தபடி ரிவர்ஸில் முறுக்கும்போதுதான்.

காயில் இல்லாமல் ஏற்றி இறக்கும்போதே டோவையும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) அளந்துவிடுங்கள். சக்கரம் ஏறும்போது தானாகத் திரும்பினால் அது பம்ப் ஸ்டீர். டை ராடின் முனை உயரத்தை மாற்றித்தான் சரிசெய்ய முடியும், அலைன்மென்ட் கடையால் முடியாது.

இனி பின்பக்கம். லீஃப் ஸ்பிரிங், ஊரில் கமான் பட்டை என்பார்களே, அதுதான். ட்ராவல் வேண்டுமானால் தடித்த நாலு தகட்டைவிட மெல்லிய பல தகடுகள். விறைப்பு தடிமனின் மும்மடியைப் (தடிமன் × தடிமன் × தடிமன்) பொறுத்தது. 10 மி.மீ. தகடு ஒன்று 7 மி.மீ. தகடு மூன்றுக்குச் சமம். அதே அளவு வளைத்தால் மெல்லியதில் தகைவு 30 சதவீதம் குறைவு, அதனால் அதிகம் வளையலாம், உடையாது. பட்டையின் முனையைச் சேஸிஸில் தொங்கவிடும் ஷேக்கிளைப் பாருங்கள்: முழு ஏற்றத்தில் சேஸிஸைத் தொடக் கூடாது, முழுத் தொங்கலில் எதிர்ப்பக்கம் மடங்கிக்கொள்ளக் கூடாது. மடங்கினால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். மெல்லிய பட்டைகளின் குறை, முறுக்கும்போது ஆக்ஸில் சுழல முயலும், எஸ் வடிவில் வளையும். ட்ராக்ஷன் பார் ஒன்று அதற்குப் போதும்.

பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தவே வேண்டாம். புதிது போட்டு, 100 கி.மீ.யிலும் 500 கி.மீ.யிலும் மறுபடி டார்க் பாருங்கள். ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி தன் சக்கரத்தில் நிற்கும்போது மட்டும் இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வாழும், சில மாதத்தில் கிழியும். முழுத் தொங்கலில் ப்ராப்பெல்லர் ஷாஃப்டின் ஸ்லிப் (நீண்டு சுருங்கும் சறுக்கு இணைப்பு) எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய ஹைலக்ஸில் ஆக்ஸிலோடு இணைந்த சுமை உணரும் பிரேக் வால்வு உண்டு. தூக்கினால் அது 'வண்டி காலி' என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைக்கும். அதன் பிராக்கெட்டையும் தூக்கின அளவுக்கு உயர்த்துங்கள்.

பாரம் ஏற்றுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கேனபி (பின்தொட்டியின் மூடி), கூரைக் கூடாரம், ஃப்ரிட்ஜ், 60 லிட்டர் தண்ணீர் என்று எப்போதும் சுமக்கிற வண்டிக்கு அந்தச் சுமைக்கான பட்டையே போட வேண்டும். மெல்லிய பட்டை போட்டுவிட்டு ஏர் பேக்கால் (பட்டைக்கு உதவியாக வைக்கும் காற்றுப் பை) தூக்குவது, பல இடத்தில் பரவ வேண்டிய பாரத்தைச் சேஸிஸின் ஒரே புள்ளியில் குவிக்கும். கேபினுக்குப் பின்னால் சேஸிஸ் வளைந்த டபுள் கேப்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

ஷாக்கில் சேமிக்க வேண்டாம். கலஹாரியின் சலவைப்பலகை போல் அலையலையான பாதைகளில் மணிக்கணக்கில் ஓடினால் எண்ணெய் கொதித்து நுரைக்கும், ஷாக் வெறும் குழாய் ஆகிவிடும். இரண்டரை அங்குல உடல், தனி ரிசர்வாயர் (கூடுதல் எண்ணெய்க் குடுவை), சுமார் 200 பி.எஸ்.ஐ. நைட்ரஜன் என்பது நியாயமான தொடக்கம். டயர் காற்றை 1.5 பார் அளவுக்கு இறக்கினால் ஷாக்கின் வேலையும் குறையும்.

அளவுக்கு ஓர் ஒப்பீடு: டாக்கார் பாலைவனப் பந்தயத்தின் டி1+ வகுப்பு விதி 2022லிருந்து 350 மி.மீ. ட்ராவல் அனுமதிக்கிறது, அதற்குமுன் 280. தென்னாப்பிரிக்காவில் கட்டிய ஹைலக்ஸில் நாசர் அல் அத்தியா அந்த ஆண்டு ஜெயித்தது இந்த விதியில்தான். லெசோத்தோவுக்கு ஏறும் மலைப்பாதையான சானி பாஸ் ஏறுவதற்கு அதெல்லாம் வேண்டாம். 2,800 மீட்டரைத் தாண்டும் அந்த ஏற்றத்தில் வேகமே இல்லை. 40 மி.மீ. உயரம், நல்ல மேல் ஆர்ம், சுமைக்கேற்ற பட்டை, தரமான ஷாக் போதும். கோசி பே பக்கத்து மணல் தடங்களுக்கும் அப்படியே. அகல கிட் வேகமாக மேடுபள்ளம் தாண்டுகிறவர்களுக்கானது.

கட்டியபின் ஹெட்லைட்டை இறக்கிவிடுங்கள், ஸ்டீரிங் சென்ஸரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். நீட்டிய டிரைவ் ஷாஃப்டுக்கு ஃபேக்டரி பாகம் பொருந்தாது, லெசோத்தோ மலையில் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதனால் ஒரு பக்கத்துக்கான முழு ஷாஃப்ட், அதன் சர்க்ளிப், இரண்டு ரப்பர் பூட், ஒரு டப்பா மாலிப்டினம் கிரீஸ் ஆகியவை சீட்டுக்குப் பின்னால் நிரந்தரமாக இருக்கட்டும்.