எல்லநள்ளி ஏற்றத்தில் சத்தம் அடங்கியது: பி.பி. 86, லாக்டைட் 609, ஒரு அறுபது வாட் பல்பு

அருவங்காட்டில் தொடங்கி எல்லநள்ளி வரைக்கும் பாதி தூரம் உட்கார்ந்து, பாதி தூரம் எழுந்து நின்று சைக்கிள் மிதித்தேன். செயின் ஓடுகிற சத்தம், என் மூச்சு, அவ்வளவுதான். ஐப்பசி மழையிலிருந்து உயிரை வாங்கிக்கொண்டிருந்த அந்தக் ‘கறக்’ போயே போச்சு! சூட்டோடு சூடாக எழுதிவைக்கிறேன். பிரஸ்ஃபிட் பி.பி. (பாட்டம் பிராக்கெட்: பெடல்கள் சுழலும் அச்சைத் தாங்கும் பேரிங், மரை இல்லாமல் ஃப்ரேமுக்குள் அழுத்தி மாட்டுவது) வைத்துக்கொண்டு குளிர் ஊரில் ஓட்டுகிறவர்களுக்கு இது நிச்சயம் உதவும்.

வண்டி அலுமினிய ஃப்ரேம், கார்பன் ஃபோர்க், டிஸ்க் பிரேக். பின் சக்கர அச்சு 12 மி.மீ. த்ரூ ஆக்ஸில். பி.பி. 86, அதில் 24 மி.மீ. தண்டு உள்ள க்ராங்க், அதாவது பெடலைத் தாங்கும் கை. முன்னால் 50–34 பல், பின்னால் 11–34 பல். வலது கால் கீழே இறங்கும்போது, அதுவும் பாரம் ஏறினால் மட்டும், ஒற்றைக் ‘கறக்’. ஸ்டாண்டில் மாட்டிக் கையால் சுற்றினால் ஊமை.

சத்தம் தேடுவதில் மலைக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. பாரம் இல்லாமல் இந்தச் சத்தம் வாயே திறக்காது. கோவை நண்பர்கள் இதற்காக மேம்பாலம் தேடிப் போகிறார்கள். குன்னூரில் கேட்டைத் திறந்தாலே ஏற்றம். ஒரே சாலை, ஒரே வளைவு, ஒரே கியர் என்று வைத்துக்கொண்டு, ஒரு தடவைக்கு ஒரே ஒரு பாகத்தை மட்டும் தொட வேண்டும். இரண்டைச் சேர்த்துத் தொட்டால் எது குணமாக்கியது என்றே தெரியாமல் போகும். விடிந்தும் விடியாத நேரம்தான் சரி. வெயில் ஏறிவிட்டால் ஊட்டி பஸ்ஸும் சுற்றுலா வேனும் வரிசை கட்டும், காதில் ஒன்றும் விழாது. தேயிலைக்குள்ளிருந்து காட்டெருமை ரோட்டோரம் வந்து நின்றால் அன்றைய சோதனையை விட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

கியரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. முன்னால் 34, பின்னாலும் 34 போட்டால் க்ராங்க் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று. சத்தம் எதிலிருந்து வந்தாலும் மிதிக்கு ஒன்றாகத்தான் கேட்கும். செங்குத்து ஏற்றத்தில் நம் ஆட்கள் எல்லாரும் உட்கார்ந்திருப்பது அந்தக் கியரில்தான். பின்னால் 27க்கு மாற்றுங்கள். இப்போது க்ராங்க் நாலு சுற்றுக்குச் சக்கரம் அஞ்சு சுற்று. சத்தம் மிதியோடு ஒட்டிக்கொண்டே வந்தால் பெடல், க்ராங்க், பி.பி. பக்கம் பாருங்கள். மிதியை விட்டு நழுவிக்கொண்டே போனால் ஹப், ஸ்போக். மூணு மிதிக்கு ஒருமுறை வந்தால் செயினில் ஏதோ ஒரு லிங்க் இறுகிக்கிடக்கிறது. 108 லிங்க் செயின் 34 பல்லில் முழுச் சுற்று வர மூணு மிதிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பின் ஆக்ஸிலும் டிரெய்லியர் ஹேங்கரும் (பின் கியர் மாற்றி தொங்கும் துண்டு) சக்கரத்தை ஒட்டி இருந்தாலும் மிதியோடுதான் கத்தும். செயின் இழுப்பு ஒவ்வொரு மிதிக்கும் ஏறி இறங்குவதால் வருவது அது.

எனக்கு 27இலும் சத்தம் மிதியை விட்டு அசையவில்லை.

பேரிங் கெட்டால் கரகரவென்று ஓடும், கையில் தெரியும். ‘கறக்’ வேறு சாதி. இறுக்கமாக ஒட்டியிருக்கும் இரண்டு பரப்புகள் பாரம் ஏறும்போது மயிரிழை நழுவி, மறுபடி ஒட்டிக்கொள்வதால் வருவது. பழைய மரக்கதவின் குடுமி கத்துவதும் இதே கதைதான். அதனால் ஒவ்வொரு இணைப்பையும் பார்த்துக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: சத்தமில்லாமல் நழுவட்டும் என்று கிரீஸ் வைக்கலாமா, நழுவவே கூடாது என்று பிடித்து நிறுத்த வேண்டுமா? அலுமினிய சீட் போஸ்ட்டுக்கு கிரீஸ். கார்பன் போஸ்ட்டுக்கு நறநறவென்று துகள் கலந்த பேஸ்ட். பெடல் மரைக்கு கிரீஸ், தாராளமாக. பி.பி. பேரிங் உட்கார்ந்திருக்கும் பிரஸ்ஃபிட் கப்புக்கு? அங்கேதான் ஊரே இரண்டுபட்டுக் கிடக்கிறது. என் கட்சி பசை.

ஆனால் பி.பி.யைக் கடைசியாகத்தான் தொட வேண்டும் என்பதில் நான் பிடிவாதம். எந்த மூலையில் சத்தம் பிறந்தாலும் ஃப்ரேம் குழாய் வழியாக வந்து காலடியில்தான் ஒலிக்கும். உடனே எல்லாரும் பி.பி. மேல் பழி போடுவார்கள். நைலான் கப்பை ஒவ்வொரு முறை அடித்து எடுக்கும்போதும் அதன் பிடிப்பு கொஞ்சம் போகிறது. ஆகவே ஐந்து நிமிடத்தில் கழற்றி மாட்டக்கூடியவை முதலில். எழுந்து நின்றாலும் சத்தம் வந்ததால் சீட்டும் போஸ்ட்டும் தள்ளுபடி. கிளிப் பெடலைக் கழற்றி, பழைய பிளாட் பெடலைப் போட்டு, சாதாரண ஷூவோடு ஏறினேன். மாற்றமில்லை. பெடலும், ஷூவின் அடியில் இருக்கும் கிளீட்டும் ஒரே கல்லில் விழுந்தன. செயின்ரிங் போல்ட்டுகளை எடுத்துத் துடைத்து, கிரீஸ் வைத்து, டார்க் ரெஞ்ச்சால் இறுக்கினேன். அப்போதும் அதே ‘கறக்’.

ஹேங்கரில்தான் முதல் பலன். இரண்டே இரண்டு சின்ன ஸ்க்ரூ. எல்-கீயில் லேசாகத் திருப்பினாலே வந்துவிடும். எடுத்துப் பார்த்தால் ஃப்ரேமுக்கும் ஹேங்கருக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பசை. வெள்ளைத் துணியில் துடைத்தால் பென்சில் கரி தேய்த்த கறை. அலுமினியமும் அலுமினியமும் உரசி உதிர்ந்த தூள், மழைத் தண்ணீரில் குழைந்து நின்றிருக்கிறது. தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டித் தீர்க்கும். நம் குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குதான் பெரிய மழை. ஐப்பசி கார்த்திகையில் ஓட்டுகிற எல்லா வண்டியிலும் இந்தச் சாம்பல் பசை இருக்கும், சத்தியம் செய்வேன். இரண்டு பரப்பையும் சுத்தமாக்கி, கண்ணுக்குத் தெரியாத அளவு கிரீஸ் தடவி மாட்டினேன். த்ரூ ஆக்ஸில் மரைக்கும் தலைக்கும் அதே வைத்தியம். மறுநாள் ஏறினால் சத்தம் பாதியாகிவிட்டது!

மிச்சப் பாதி ஒரு விசித்திரம் காட்டியது. குன்னூரில் விடியற்காலையில் நன்றாகக் கேட்கும், மதியம் மங்கும். மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கே வெயிலில் திரும்பி பர்லியாறு நோக்கி ஏறினால் சுத்தமாக இல்லை. மேலே வந்து வெலிங்டன் தாண்டுகையில் மறுபடி மெல்லத் தொடங்கும். மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரம், குன்னூர் 1,850 மீட்டர். 15 டிகிரி வித்தியாசம் சாதாரணம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பி.பி. 86க்கு ஓட்டையின் விட்டம் 41 மி.மீ. 15 டிகிரி குளிர்ந்தால் அலுமினிய ஓட்டை 0.014 மி.மீ. சுருங்கும். சுத்த நைலான் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல், அதாவது 0.05 மி.மீ. அளவில் சுருங்கும். கண்ணாடி இழை கலந்த நைலான் இவ்வளவு சுருங்காதுதான், ஆனாலும் கப்தான் அதிகம் சுருங்கும். பிரஸ்ஃபிட் என்பதே மி.மீ.யில் சில நூறில் ஒரு பங்கு இறுக்கத்தை நம்பி நிற்கிற சமாச்சாரம். குளிரில் அந்த இறுக்கம் கரைந்து கப் நழுவ இடம் கிடைத்துவிடுகிறது. இனி பி.பி.யைத் தொடலாம் என்று எனக்கு உத்தரவு கிடைத்தது அங்கேதான்.

கப்பை எடுத்ததும் ஃப்ரேமைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் பக்கத்து லேத் பட்டறைக்குப் போனேன். அங்குள்ள அண்ணன் ஓட்டையின் விட்டம் அளக்கும் போர் கேஜை உள்ளே விட்டு, நேராக ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை பார்த்தார்.

“தம்பி, ஓட்டை வட்டமா இல்லையே. மேலயும் கீழயும் நாலு பாயிண்ட் கூட இருக்குது.”

நாலு பாயிண்ட் என்றால் 0.04 மி.மீ. குளிர்ச் சுருக்கத்தோடு இதையும் கூட்டினால் கப் ஏன் அசைந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

“கிரீஸ் வச்சா நிக்குங்களாண்ணா?”

“கிரீஸ் வச்சா இன்னும் நல்லா வழுக்கும். லாக்டைட் 609 பசை போடு தம்பி. பம்ப் செட்டுல பேரிங் லூஸானா நாங்க அதத்தான் போடுறோம்.”

அவரே அழுத்துவதற்கு இரண்டு புஷ் கடைந்து கொடுத்தார். கப்பின் விளிம்பில் மட்டும் உட்காரும்படி, பேரிங்கின் உள்வளையத்தைத் தொடாதபடி. உள்வளையத்தில் அழுத்தினால் புதுப் பேரிங் மாட்டும்போதே செத்துப்போகும். நடுவில் விட 12 மி.மீ. முழுமரை ராடும், தடித்த வாஷரும், நட்டும் குன்னூர் மவுண்ட் ரோட்டில் ஹார்டுவேர் கடையிலேயே கிடைத்தன. இணையத்தில் விற்கும் பிரஸ் டூலுக்கு இது எந்த விதத்திலும் குறைச்சல் இல்லை, செலவோ அதில் சொற்பம்.

609க்குத்தான் கோவை போக வேண்டியிருந்தது. மோட்டார் பம்ப்பும் மில் மெஷினும் நிறைந்த ஊர் என்பதால் அங்கே பேரிங் கடையில் கேட்டால் சின்ன பாட்டிலை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். கூடவே பசையை இறுக வைக்கும் ஆக்டிவேட்டரும் கேட்டு வாங்குங்கள். 609 காற்றில் காயாது. காற்று இல்லாத இடுக்கில், உலோகம் தொட்டால்தான் இறுகும். நம் கப் நைலான். ஒரு பக்கம் உலோகமே கிடையாது. ஆக்டிவேட்டர் இல்லாமல் போட்டால் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்ல முடியாது. அதே கடையில் 6805 பேரிங்கும் எடுத்துக்கொண்டேன், 25×37×7 அளவு. 24 மி.மீ. தண்டுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்லீவ் வேண்டும் என்பதால் அதைக் கையிருப்பாக மட்டும் வைத்திருக்கிறேன்.

இப்போது முக்கியமான கட்டம். ஓட்டையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால், துணியில் கறை வராத வரை துடைக்க வேண்டும். விரல் படக் கூடாது. விரல் எண்ணெய் போதும், பிடிப்பு போய்விடும். பசை இல்லாமல் ஒருமுறை ராடு, புஷ், வாஷர் எல்லாம் வரிசைப்படி கோத்து ஒத்திகை பார்த்துக்கொள்ளுங்கள். ஆக்டிவேட்டர் பட்ட பிறகு பசை நமக்காகக் காத்திருக்காது. கப்பின் வெளிப்பக்கம் ஆக்டிவேட்டர், அது உலர்ந்ததும் ஓட்டையின் உட்சுவரில் 609 மெல்லிய வளையமாக. பச்சை நிறம், எங்கே படுகிறது என்று தெளிவாகத் தெரியும். பிதுங்கி வருவதை உடனே துடைக்க வேண்டும். பேரிங் பக்கம் ஒரு துளி ஊர்ந்தாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும். நான் பேரிங் வாயில் கொஞ்சம் கிரீஸைத் தடவி அணை கட்டினேன், நன்றாக வேலை செய்தது.

கப் இரண்டும் உட்கார்ந்தாயிற்று. பிறகு குளிர். தரவுத்தாளில் போட்டிருக்கும் நேரமெல்லாம் 22 டிகிரிக்கு. மார்கழி இரவில் எங்கள் வீட்டு ஷெட் பத்து டிகிரிக்குப் பக்கத்தில் கிடக்கும். இறுகும் வேகம் படுத்துவிடும். பசை போட்டும் பயனில்லை என்று மலையில் சிலர் புலம்புவதற்கு இதுதான் காரணம் என்பது என் திடமான எண்ணம். ஃப்ரேமின் அடிப்பகுதியை ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, உள்ளே பழைய அறுபது வாட் குண்டு பல்பைத் தொங்கவிட்டு, மேலே கம்பளி போர்த்தினேன். பல்பு அட்டையையோ கம்பளியையோ தொடாமல் ஒரு சாண் தள்ளி. தெர்மாமீட்டர் 28 டிகிரி காட்டியது. இரவு முழுக்க அப்படியே விட்டு, மறுநாளும் தொடவில்லை. எல்.இ.டி. பல்பில் இந்த வேலை நடக்காது, சூடே வராது. குண்டு பல்பு கிடைத்தால் ஒன்று வாங்கிப் போட்டுவையுங்கள்.

க்ராங்க்கை மாட்டும்போது இடது பக்க மூடியை ஆட்டம் போகிற அளவுக்கு மட்டும், விரல் பலத்தில். பக்கத்து இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி 12–14 நியூட்டன் மீட்டருக்கு. அதற்கப்புறம் ஏறிய எல்லநள்ளியைத்தான் முதலில் சொன்னேன். காலைக் குளிரிலும் சத்தமில்லை, அதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

609 போட்டால் அடுத்த முறை கப் உடைந்துதான் வரும் என்று பயமுறுத்துவார்கள். உடையட்டும். கழற்றிய நைலான் கப்பைத் திரும்பப் போடுவதே எனக்குச் சம்மதமில்லை. அடுத்த முறை இரண்டு கப்பும் நடுவில் மரையால் ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும் உலோக பி.பி. வாங்குவதாக உத்தேசம். ஓட்டை சற்றே முட்டை வடிவமாக இருந்தாலும் அது சமாளிக்கும்.

கீழ்ச்சத்தம் அடங்கியதும் இதுவரை அதில் அமுங்கிக் கிடந்த ஒரு ‘டிக்’ முன்பக்கத்திலிருந்து கேட்கத் தொடங்கியிருக்கிறது. மேட்டுப்பாளையம் ரோட்டின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும், முன் பிரேக்கைப் பிடித்து வண்டியைச் சாய்க்கும்போது மட்டும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் இல்லை. ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங் செட்) இறுக்கம் சரி. கீழ்ப் பேரிங்கை எடுத்துப் பார்த்தேன், மழைத் தண்ணீர் வேலையைக் காட்டிவிட்டது. அதன் பக்கவாட்டில் 36×45 என்று கோணம் பொறித்திருக்கிறது, வெளிவிட்டம் 52 மி.மீ. வாங்கும்போது கோணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள், விட்டத்தை மட்டும் சொன்னால் வேறு எதையாவது கொடுத்துவிடுவார்கள். அடுத்த வாரம் கோவை போகிற நண்பரிடம் பழைய பேரிங்கையே கொடுத்தனுப்புகிறேன். புதுசு வந்ததும் மஞ்சூரிலிருந்து கெத்தை இறக்கம். அங்கே 43 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, ஹெட்செட்டைச் சோதிக்க அதைவிட நல்ல இடம் நீலகிரியில் கிடையாது.