பீலிக்கு மேலே ஒரு துண்டு நிலம்

போன மாதம் மலையகத்தில் நோர்வூட் பக்கம் ஊருக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து, கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் குழாயைத் திறக்கும்போதெல்லாம் மாமாவின் போஞ்சிப் பாத்திதான் ஞாபகம் வருகிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே ஓடைக்கரையில், தேயிலை செத்துப்போய் நிர்வாகம் கைவிட்ட ஒரு துண்டு நிலம் அது. நான் சின்னப் பையனாக இருந்தபோது மூங்கிலும் பெரணியும் காட்டுச் சேம்புமாக ஒரே புதராகக் கிடக்கும், அட்டைக்குப் பயந்து யாரும் இறங்கமாட்டோம். இப்போது தண்ணீர் தொடும் இடம்வரை கொத்திப் பாத்தி பிடித்திருக்கிறார். நான் போன அன்று பின்னேரம் ஒரு மழை, அரை மணி நேரம்கூட இருக்காது, ஓடை பால்தேத்தண்ணி நிறத்துக்கு மாறிவிட்டது.

அந்த ஓடை எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். கெஹெல்கமு ஓயாவில் விழுந்து, காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கொஞ்ச நாள் கிடந்து, மின்நிலையங்களைத் தாண்டி இறங்கி, மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்து கித்துல்கலைப் பக்கம் களனி கங்கையாக ஓடி, அம்பத்தலையில் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் ஏறுகிறது. கொழும்பு குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு இந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது. ஆறு கலங்கினால் மண்ணை அடியில் இறக்கப் படிகாரம் கூடுதலாகப் போட வேண்டும், அந்தச் செலவும் கொழும்புக்குத்தான்.

கொழும்புக்கு இன்னொரு பழைய தண்ணீர் உண்டு, லபுகம. 1880களில் வெள்ளைக்காரன் கட்டிய நீர்த்தேக்கம். அதைச் சுற்றி இன்றைக்கும் காடுதான், நீரேந்துப் பகுதியில் குடியிருப்போ பயிரோ கிடையாது. களனிக்கு அப்படிச் செய்ய முடியாது. அதன் தலைமாட்டில் தேயிலை இருக்கிறது, லயங்கள் இருக்கின்றன, எங்கள் சனம் ஐந்தாறு தலைமுறையாக அங்கேயே வாழ்கிறது. அதனால் ஆற்றைக் காப்பாற்றுவதென்றால் விளைநிலத்துக்கு உள்ளேயே காப்பாற்ற வேண்டும்.

நல்ல விஷயம் என்னவென்றால் முழு மலையையும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. சில இடங்களைப் புதராக விட்டுவைத்தால் போதும். பீலிக்கு, அதாவது ஊற்றுத் தண்ணீர் பிடிக்கும் குழாய்வாய்க்கு, மேலே ஊற்றுக்கண் இருக்கும் சரிவு, ஓடையின் இரண்டு கரை, எப்போதும் சதசதவென்று கிடக்கும் பள்ளம், மழைத்தண்ணீர் ஓட மலையில் வெட்டிய கான் வந்து ஓடையில் விழுகிற வாய், கால் நிற்காத செங்குத்து. மலையிலிருந்து வழியும் தண்ணீர் இந்தப் புதருக்குள் நுழைந்ததும் வேகம் குறைந்துவிடும், குறைந்ததும் சுமந்து வந்த மண்ணை அங்கேயே போட்டுவிடும், அந்த மண்ணில் ஒட்டிக்கொண்டு வருகிற உரத்தின் பொஸ்பரசும் அங்கேயே நின்றுவிடும். யூரியாவிலிருந்து நீரில் கரைந்து வரும் நைட்ரேட்டில் ஒரு பங்கை வேர்கள் உறிஞ்சிக்கொள்ளும், ஈரச் சேற்றில் இருக்கும் பக்டீரியா இன்னொரு பங்கை வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். தாத்தா காலத்தில் வருசா வருசம் கானுக்குள் சேர்ந்த மண்ணை வெட்டி எடுத்து மலையிலேயே திரும்பப் போடுவார்களாம். இப்போது அதற்கு ஆளில்லை. தூர்ந்துபோன கான் நிரம்பி வழிந்தால் வழிந்த இடத்தில் தண்ணீர் மலையைப் பிளந்துகொண்டு இறங்கும், அதைக் கண்ணாலேயே பார்த்தேன்.

மாமாவிடம் கேட்டேன், ஏன் ஓடைவரைக்கும் வெட்டினீர்கள் என்று.

"தம்பி, கொழுந்து எடுக்கிற சம்பளத்துல மூணு புள்ளைய எப்படிப் படிக்க வைக்கிறது? அந்த ஓரத்துலதான் மண்ணு கறுப்பா இருக்கு, போட்டதெல்லாம் வெளையுது. ஆனா பீலிக்கு மேல மட்டும் கத்தி வைக்கமாட்டேன், எங்கப்பா சொன்னது."

ஓரத்து மண் ஏன் கறுப்பு? இத்தனை வருசம் மேலேயிருந்து வந்த நல்ல மண்ணை அந்தப் புதர் பிடித்துச் சேர்த்து வைத்திருந்தது, அதனால்தான். இன்னும் சில மழைக்காலம் போனால் அதுவும் காசல்ரீக்குப் போய்விடும். மஸ்கெலியாப் பக்கம் மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும்போது மூழ்கிய பழைய டவுனின் கோயில் வெளியே தெரியும், எல்லோரும் போய்ப் படம் எடுப்பார்கள். நானும் போனேன், அந்தச் சுவர்களைச் சுற்றிக் கிடந்த வண்டலைப் பார்த்ததும் இதெல்லாம் எத்தனை மலையின் மேல்மண்ணோ என்று வயிறு எரிந்தது.

மண் பாதுகாப்புச் சட்டம் 1951லேயே வந்துவிட்டது. சட்டத்தைக் காட்டி மாமாவைப் போன்றவர்களை விரட்டுவது சுலபம், ஆனால் அது அநியாயம். அவர் பெயரில் அந்த நிலமும் இல்லை, லயத்துக் காம்பராவும் இல்லை. என்னைக் கேட்டால் முதலில் கணக்கைச் சரிசெய்ய வேண்டியது கொழும்பில் இருக்கும் நாங்கள். தண்ணீர் பில்லில் மாதம் ஒரு சின்னத் தொகை, அது நேராக ஓடைக்கரையைப் புதராக விட்டுவைக்கும் குடும்பத்துக்கும், கானைத் தூர்வாரும் கைக்கும் போகட்டும். கீழே குடிக்கிறவன் மேலே காக்கிறவனுக்குக் கொடுப்பதில் என்ன தப்பு? நான் கொடுக்கத் தயார்.

சரி, அது நடக்கும்வரை சும்மா இருக்க முடியாதே. மாமாவோடு பேசிப் பேசி ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருக்கிறோம். ஓடையை ஒட்டின கடைசி மூன்று பாத்தியை அவர் விட்டுவிடுவார், அதில் போஞ்சி போட்டால் வந்திருக்கக்கூடிய காசை போகத்துக்குப் போகம் நான் அனுப்புவேன். மேல் வரம்பில் மானாப்புல், கரையில் மூங்கில். தீபாவளிக்குப் போகும்போது ஈரமிருந்தால் அன்றைக்கே நட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறார், புல் தூரும் அவரே பக்கத்து மலையிலிருந்து எடுத்து வைப்பாராம்.