கோடம்பாக்கத்தில் கதை சொல்லப் போகிறவர்களுக்கு

120 பக்கத்துக்குத் திரைக்கதை எழுதி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, சாலிகிராமம், வடபழனி, வளசரவாக்கம் என்று அலுவலகம் அலுவலகமாகக் கொடுத்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருப்பவர்கள் நிறைய. அந்தப் பிரதிகளில் பெரும்பாலானவற்றை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. எழுத்தின் தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. தமிழ் சினிமாவில் தயாரிப்பாளரும் நடிகரும் கதையைப் படிப்பதைவிட, ஒருவர் நேரில் சொல்லக் கேட்கிறார்கள். பவுண்ட் ஸ்கிரிப்ட், அதாவது முழுதாக எழுதிக் கட்டிய பிரதி, தேவைப்படுவது பெரும்பாலும் கதை பிடித்துப்போன பிறகுதான்: பட்ஜெட் போட, லொக்கேஷன் பிரிக்க, கால்ஷீட் கணக்கிட. ஆகவே எழுதி முடிப்பது பாதி வேலை. சொல்லத் தயாராவது மீதிப் பாதி. அதைத்தான் பலரும் கடைசி நாள் இரவுக்குத் தள்ளிவைக்கிறார்கள்.

நீங்கள் சொல்லும் கதை, முடிவெடுப்பவர் காதுக்கு நேராகப் போவதும் அரிது. முதலில் கேட்பவர் நடிகரின் மேனேஜராக இருப்பார், அல்லது தயாரிப்பு நிறுவனத்தில் கதை கேட்கும் குழுவில் ஒருவர், அல்லது ஓர் இணை இயக்குநர். அவர் மாலையில் காரில் போகும்போது, "அண்ணே, இன்னைக்கு ஒரு லைன் கேட்டேன்" என்று ஆரம்பித்து இரண்டே நிமிடத்தில் மேலே சொல்வார். உங்கள் கதை அந்த இரண்டு நிமிடத்தைத் தாங்குமா?

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சினிமாவோடு தொடர்பில்லாத நண்பர் ஒருவரிடம் கதையைச் சொல்லுங்கள். மறுநாள் அதே கதையை இன்னொருவருக்கு அவரைச் சொல்லச் சொல்லிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். குறுக்கே பேசவே கூடாது. அவர் விட்டுவிட்ட இடம் கதைக்குத் தேவையில்லாததாக இருக்கும், அல்லது நீங்கள் பதியும்படி சொல்லாததாக இருக்கும். அவர் தானாகவே மாற்றிச் சொன்ன இடம் இன்னும் முக்கியம். அங்கே உங்கள் காரணகாரியம் பிசகியிருக்கிறது, கேட்ட மனசு தானே ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறது. திரும்ப எழுத வேண்டிய காட்சி அதுதான்.

லைனில், அதாவது ஓரிரு வரியில் சொல்லும் கதையில் இருந்து தொடங்குவோம். "தன்னம்பிக்கையால் ஒரு பெண் சமூகத்தை எதிர்த்து ஜெயிக்கிற கதை சார்" என்றால் கேட்பவர் மனதில் எந்தப் படமும் விரியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: சிவகாசியில் ஒரு பட்டாசு ஆலையில் கணக்கு எழுதும் பெண், விபத்தில் இறந்துபோன தன் அண்ணன் பெயரில் இன்னும் மாதாமாதம் சம்பளம் போவதைக் கண்டுபிடிக்கிறாள். பதினேழே சொற்கள். ஆள், ஊர், தொழில், சிக்கல் நான்கும் வந்துவிட்டன. "அப்புறம்?" என்று கேட்பவரே கேட்கிறார். லைனில் கருத்து வேண்டாம், உணர்ச்சிப் பெயர்களும் வேண்டாம். இன்னாருடைய படமும் இன்னாருடைய படமும் சேர்ந்த மாதிரி என்ற ஒப்பீடும் வேண்டாம். ஒப்பிட்ட படம் கேட்பவருக்குப் பிடிக்காததாக இருந்தால் உங்கள் கதை ஆரம்பிக்கும் முன்பே முடிந்துவிடும்.

லைனுக்கு அடுத்தது ஒரு பக்கச் சுருக்கம். 250 முதல் 300 சொல் போதும், முடிவையும் சேர்த்தே எழுதுங்கள். "கிளைமாக்ஸை நேரில் சொல்கிறேன்" என்று மறைப்பது ஆவலைத் தூண்டாது, கதை இன்னும் முடியவில்லை என்ற சந்தேகத்தைத்தான் தூண்டும்.

பதினைந்து நிமிட வடிவத்தில்தான் எல்லாமே தீர்மானமாகிறது. முதல் சந்திப்பில் அதற்கு மேல் நேரம் கிடைக்காது. உட்கார்ந்ததும் "சார், எவ்வளவு நேரம் இருக்கு?" என்று கேட்டுவிடுங்கள். பதினைந்து நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: ஆள்களையும் சிக்கலையும் நிறுத்த மூன்று, இடைவேளை வரை ஐந்து, இரண்டாம் பாதிக்கு ஐந்து, முடிவுக்கு இரண்டு. பயிற்சியில்லாமல் சொல்பவர்களுக்கு முதல் பகுதியே எட்டு நிமிடம் இழுத்துவிடும், அதுவும் பெரும்பாலும் நாயகன் அறிமுகக் காட்சியில். இரண்டாம் பாதியை மூச்சு வாங்க ஓட்ட வேண்டி வரும். கேட்பவர் அதை நேரப் பற்றாக்குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார், "செகண்ட் ஹாஃப் வீக்" என்றுதான் சொல்வார். தமிழில் அதிகம் சொல்லப்படும் நிராகரிப்புக் காரணம் இதுவாகத்தான் இருக்கும், அதில் கணிசமான பங்கு சொன்ன விதத்தில் விழுந்தது.

பெயர்கள் ஐந்துக்கு மேல் போக வேண்டாம். ஆறாவது ஆளிலிருந்து "ஆலை முதலாளி", "பக்கத்து வீட்டு அக்கா", "இன்ஸ்பெக்டர்" என்று உறவாலும் தொழிலாலும் சொல்லுங்கள். முருகன், முத்து, முத்துவேல் என்று ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களைக் காதால் பிரித்தறிய முடியாது. கேமரா நகர்வையும் வாயாலேயே வாசிக்கும் பின்னணி இசையையும் விட்டுவிடலாம். "இங்க ஒரு மாண்டேஜ் சார்" (துண்டு துண்டான காட்சிகளின் தொகுப்பு) என்ற வரி எழுதாமல் விட்ட காட்சிகளை மூடி மறைக்கிறது, அனுபவமுள்ள காதுக்கு அது உடனே தெரிந்துவிடும். வசனத்தை அப்படியே பேசிக் காட்டுவது மொத்தத்தில் நான்கைந்து இடத்தில் இருந்தால் போதும். இடைவேளைக் காட்சி அதில் ஒன்றாக இருக்கட்டும். சிவகாசிக் கதையில், சம்பளம் வாங்கும் கையெழுத்து இறந்த அண்ணனுடையதேதான் என்று அவள் உணர்வது இடைவேளை என்றால், அந்தக் காட்சியை நிதானமாக, அவள் பார்க்கும் வரிசையிலேயே சொல்லுங்கள். பதிவேடு, தேதி, கையெழுத்து.

தாளைப் பார்த்துப் படிக்கவே கூடாது. ஒரு சின்னத் தாளில் பன்னிரண்டு குறிச்சொற்கள் இருந்தால் தவறில்லை. ஒத்திகையைப் போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், "வந்து", "அதாவது", "என்ன ஆகுதுன்னா" எத்தனை முறை வருகிறது என்று தெரியும். ஒத்திகையின்போது ஒரு நண்பர் ஓரமாக உட்கார்ந்து, கேட்பவர் எந்த நிமிடத்தில் போனை எடுக்கிறார், எப்போது நிமிர்ந்து உட்காருகிறார் என்று குறிக்கட்டும். மூன்று தனித்தனி ஒத்திகையில் இரண்டு முறை ஒரே இடத்தில் கவனம் சிதறினால், கோளாறு சொல்லும் முறையில் இல்லை, திரைக்கதையில்.

முழு நரேஷன், அதாவது படம் முழுவதையும் காட்சி காட்சியாகச் சொல்வது, இரண்டு, இரண்டரை மணி நேரம் போகும். அழைப்பு வந்த பிறகு தயாராகலாம் என்று இருக்காதீர்கள். "நாளைக்குக் காலையில் வாங்க" என்றுதான் அழைப்பே வரும்.

எழுத்துப் பிரதி பற்றிச் சுருக்கமாக. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு ஆங்கிலத்தில் கூரியர் 12 புள்ளி எழுத்துருவுக்கு உரியது. தமிழ்ச் சொற்கள் நீளம், எழுத்துருக்களின் அகலமும் வேறு. நேரத்தைப் பக்கத்தால் அளக்காமல், காட்சியை வாய்விட்டுப் படித்து ஸ்டாப்வாட்சால் அளவெடுங்கள். இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்ற பழைய இரு பத்தி வடிவத்துக்கும் இங்கே மதிப்பு உண்டு, காட்சியும் வசனமும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் சர்வதேச வடிவத்துக்கும் உண்டு. ஒரே பிரதியில் இரண்டையும் கலக்காதீர்கள். ஸ்க்ரைட் என்ற திரைக்கதை மென்பொருளில் இந்திய மொழிகளில் எழுதலாம், தமிழிலும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்ட் கோப்பு அடுத்தவர் கணினியில் வெறும் கிறுக்கலாகத் திறக்கும். யூனிகோடில் எழுதி, பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். காட்சி எண், பக்க எண், ஒவ்வொரு பக்க அடியிலும் போன் எண், கோப்பின் பெயரில் தேதி எல்லாம் இருக்கட்டும்.

யாரிடம் போவது? முன்னணி நடிகரின் வீட்டு வாசல் கடைசி இடம். ஒன்றிரண்டு படம் செய்துவிட்டு அடுத்த கதை தேடும் இயக்குநர்கள், அவர்களுடைய இணை இயக்குநர்கள், ஒளிப்பதிவாளர்கள், எடிட்டர்கள் இவர்களிடம் முதலில் போங்கள். படத்தொகுப்பு அறையில் இருப்பவருக்கு யார் அடுத்து என்ன தேடுகிறார் என்று தெரியும். "நீங்களே டைரக்ட் பண்றீங்களா?" என்று எல்லோரும் கேட்பார்கள். தமிழில் கதை சொல்ல வருபவர்களில் பெரும்பாலோர் இயக்குநராகவே வருவதால் அந்தக் கேள்வி. எழுத்தாளராக மட்டும் இருக்க விரும்பினால் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், கதை தேடும் இயக்குநருக்கு அது நல்ல சேதி. இயக்கவும் வேண்டும் என்றால் குறும்படம் கேட்பார்கள். கலைஞர் தொலைக்காட்சியின் நாளைய இயக்குநர் நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்தவர்களில் கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி போன்றவர்கள் முழுநீளப் படத்துக்கு வந்தார்கள். 2014ல் வெளியான முண்டாசுப்பட்டி அதே பெயரில் வந்த குறும்படத்தின் விரிவு. முழுக் கதையையும் பத்து நிமிடத்தில் அடைக்க முயலாமல், படத்தின் சுபாவம் தெரியும் ஒரே ஒரு சூழலை எடுங்கள். காசு இருந்தால் ஒலிக்குச் செலவழியுங்கள். மங்கிய படத்தைப் பொறுத்துக்கொள்பவர்கள் கேட்காத வசனத்தைப் பொறுப்பதில்லை.

நட்சத்திரம் தேவைப்படாத கதைக்கு இன்னொரு வாசல், தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்எஃப்டிசி நடத்தும் திரைக்கதைப் பயிலரங்கு. ஆண்டுக்குச் சில கதைகளையே எடுப்பார்கள். நவம்பரில் கோவா திரைப்பட விழாவையொட்டி நடக்கும் திரைப்படச் சந்தையான ஃபிலிம் பஜாரோடு (இப்போது வேவ்ஸ் ஃபிலிம் பஜார்) இணைந்தது அது. அங்கே உண்மையாகவே வாசிக்கிறார்கள், ஆனால் ஆங்கிலத்தில். மொழிபெயர்க்கும்போது, வாங்க என்பது வா என்று மாறும் அந்த ஒரு நொடி ஆங்கிலத்தில் காணாமல் போகும். மரியாதை விழுந்ததைச் செயலாக எழுதிக் காட்டுங்கள்: நாற்காலியில் சாய்கிறார், செருப்பைக் கழற்றாமல் உள்ளே வருகிறார்.

இனி காகிதங்கள். கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது. 1978ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: கரு, கதைப்பொருள் யாருக்கும் சொந்தமில்லை, அது வெளிப்படும் விதத்துக்கே பாதுகாப்பு. அதனால் லைனை மட்டும் பதிவு செய்து வைப்பதில் பயன் குறைவு. காட்சி வரிசையும் வசனமும் உள்ள முழுப் பிரதியைப் பதிவு செய்யுங்கள். தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் உறுப்பினராகி அங்கே பதியலாம். 2018ல் விஜய் நடித்த சர்கார் படத்தையொட்டி எழுந்த கதைத் திருட்டுப் பிரச்சினையில், 2007ல் அந்தச் சங்கத்தில் பதிந்த கதை ஒன்றுதான் ஆதாரமாக நின்றது. மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்திலும் இணையம் வழியாக இலக்கியப் படைப்பாகப் பதியலாம், கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பத்துக்கான டைரி எண் உடனே வரும், யாராவது ஆட்சேபம் தெரிவிக்கிறார்களா என்று 30 நாள் காத்திருக்க வேண்டும். தனக்குத்தானே பதிவுத் தபால் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைப்பதை நம்பி இருக்காதீர்கள்.

கதை சொன்ன அன்றே, "இன்று உங்களிடம் சொன்ன கதையின் சுருக்கம் இணைப்பில் உள்ளது, நேரம் ஒதுக்கியதற்கு நன்றி" என்று ஒரு மின்னஞ்சல். மரியாதையாகவும் இருக்கும், அவர் கதையைக் கேட்டார் என்பதற்குத் தேதியோடு சாட்சியாகவும் இருக்கும்.

பிடித்துவிட்டது என்றால் அட்வான்ஸுக்கு முன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். கதை, திரைக்கதை, வசனம் இவற்றில் எதற்கு உங்கள் பெயர் என்று எழுத்தில் இருக்க வேண்டும். ரீமேக், டப்பிங், ஓடிடி, தொடர்ச்சிப் படம் ஒவ்வொன்றும் தனித்தனி உரிமை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, எழுதிக் கையெழுத்திட்டால்தான் உரிமை மாறும். கால அளவு குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளப்படும். வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் உரிமை காலாவதியாகும், ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அந்த ஒரு வரி உள்ளே இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கதை விவாதத்துக்கு, அதாவது டிஸ்கஷனுக்குக் கூப்பிட்டால் பேட்டாவும் (தினப்படி) படத்தில் பெயரும் உண்டா என்று முதல் நாளே கேளுங்கள். தயாரிப்பாளரிடம் அழைத்துப் போகிறேன் என்று உங்களிடமே பணம் கேட்பவரோடு அன்றே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒரு போன், ஒரு மாதம் கழித்து ஒரு செய்தி, அதோடு நிறுத்திவிட்டு அடுத்தவரிடம் போங்கள். ஒரு நோட்டில் தேதி, இடம், அறையில் யார் யார் இருந்தார்கள், எந்த வடிவம் சொன்னீர்கள், எந்த இடத்தில் என்ன கேள்வி கேட்டார்கள் என்று குறித்து வாருங்கள். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டிருந்தால், நான்காவது ஆளிடம் போவதற்கு முன் அந்தக் காட்சியைத் திறந்து உட்காருங்கள்.