ஒன்றும் தெரியாத கொல்லன் மகன்: 'கிங்டம் கம்' விளையாடிய குறிப்புகள்

ஆர்பிஜி, அதாவது ஒரு கதாபாத்திரமாகவே மாறி ஆடும் வீடியோ கேம் என்றால் கேரக்டர் உருவாக்கும் பக்கத்திலேயே அரைமணி நேரம் உட்கார்ந்துவிடும் ஆள் நான். மூக்கின் நீளம் தொடங்கி மந்திர சக்தி வரை எல்லாவற்றையும் திருகிப் பார்த்தால்தான் திருப்தி. 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' அந்தச் சுகத்துக்கே இடம் தரவில்லை. பெயர் ஹென்றி. கொல்லர் மகன். எழுதப் படிக்கத் தெரியாது, வாள் பிடிக்கத் தெரியாது. இவனைத்தான் வைத்துக்கொண்டு ஓட்டியாக வேண்டும்.

பிராக் நகரின் வார்ஹார்ஸ் ஸ்டுடியோஸ் 2018 பிப்ரவரியில் வெளியிட்ட கேம் இது. டிராகனும் இல்லை, மந்திரக்கோலும் இல்லை. கதை நடப்பது 1403இல், பொகீமியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில். அரசர் நான்காம் வென்செஸ்லாஸை அவருடைய மாற்றாந்தாய்க்குப் பிறந்த தம்பியும் ஹங்கேரி அரசருமான சிகிஸ்மண்ட் சிறைபிடித்து வைத்திருக்கிறார். சிகிஸ்மண்டின் படை கொளுத்திப்போட்ட ஸ்கலிட்ஸ்தான் ஹென்றியின் ஊர். ஸ்கலிட்ஸ், ரட்டே, சஸாவ் மடாலயம் எல்லாமே இன்றும் இருக்கிற இடங்கள். செயற்கைக்கோள் வரைபடத்தை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு ஆறு வளையும் இடத்தைக் கேமுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் கிறுக்குத்தனத்தையும் செய்தேன்.

ஊர் எரிவதற்கு முன் அப்பா சில வேலைகள் ஏவுகிறார். கரி வாங்கி வா, கோட்டையில் வாளின் கைப்பிடிக் குறுக்குத்துண்டு வந்திருக்கும் எடுத்து வா, குளிர்ச்சியாகக் கொஞ்சம் பீர் கொண்டு வா. கரிக்குக் காசு வேண்டுமென்றால் குனேஷ் என்ற குடிகாரர் வைத்திருக்கும் பாக்கியை வசூலிக்க வேண்டும். வேறு எந்த ஆர்பிஜியிலும் முதல் சண்டை எலியோடோ ஓநாயோடோ இருக்கும், நாம்தான் ஜெயிப்போம். இங்கே குனேஷ் என்னை வீட்டு வாசலிலேயே புரட்டி எடுத்தார். எதிரே அரைப்போதையில் ஒரு கிழவர், நான் மண்ணில் கிடக்கிறேன். கடைசியில் நண்பர்களைக் கூட்டி வந்துதான், அவர் காசு தராமல் வைத்திருந்த சுத்தியலையும் கோடாரியையும் ஆணியையும் திருப்பி வாங்கினேன். நண்பர்கள் கேட்ட கூலி, ஒரு ஜெர்மன்காரர் வீட்டுச் சுவரில் சாணி அடிக்கக் கூட வர வேண்டும் என்பது. அந்த வேலையில் மட்டும் ஹென்றிக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை.

இந்த கேமில் ஓடினால் ஓட்டம் வளரும், பேசினால் பேச்சு வளரும். லெவல் ஏறியதும் புள்ளிகளை விருப்பப்படி பங்கு போடுவதெல்லாம் இல்லை. மூலிகை பறித்தால் உடல்பலம் கூடும்படி ஒரு பெர்க், அதாவது கூடுதல் சலுகை கூட இருக்கிறது. அதை எடுத்த பிறகு புல்வெளி முழுக்கக் குனிந்து நிமிர்ந்தே ஒரு சாயங்காலத்தைக் கழித்தேன். வீட்டில் எட்டிப் பார்த்தவர்கள், 'இதென்ன கேமு, பூப்பறிக்கிற கேமா?' என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

வாள் சண்டைதான் உண்மையான பரீட்சை. ஐந்து திசைகளில் வெட்டலாம், நடுவில் குத்தலாம். எதிரி ஓங்கும்போது ஒரு பச்சைக் கேடயச் சின்னம் கண்சிமிட்டும் நேரத்துக்கு வரும், அதற்குள் தடுக்க வேண்டும். ஸ்கில் எண், அதாவது திறமையின் அளவு, குறைவாக இருக்கும்வரை ஹென்றி மூச்சு வாங்குவான், அடி மெதுவாக விழும். ஆனால் எண் மட்டும் கூடி என் விரல் பழகாமல் இருந்தாலும் உதைதான். ரட்டேவில் கேப்டன் பெர்னார்டிடம் மரவாளோடு திரும்பத் திரும்பப் போய் நின்றேன். கதையை நகர்த்தாமல் பயிற்சிக் களத்திலேயே கிடப்பது முதலில் சலிப்பாக இருந்தது. பிறகு ஒருநாள் ரோட்டில் வழிமறித்த கொள்ளைக்காரன் ஓங்கினான், யோசிக்கும் முன்பே தடுத்துத் திருப்பி அடித்திருந்தேன். திறமை ஏறியது ஹென்றிக்கா எனக்கா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கு இந்த கேம் பிடித்துப்போனது அந்தக் கணத்தில்தான். வேறு கேம்களில் ஐம்பதாம் லெவலில் இருந்தும் என் கைக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது.

சேவ் செய்வது தனிக்கதை. நினைத்த நேரத்தில் சேவ் செய்ய 'சேவியர் ஷ்னாப்ஸ்' என்ற சாராயத்தைக் குடிக்க வேண்டும். இல்லையென்றால் சொந்தக் கட்டிலில் தூங்க வேண்டும். நம்மூரில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? வானம் இருட்டினால் ஹென்றியை அவசரமாக அவன் தங்கியிருக்கும் மாவு மில்லுக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைப்பது வழக்கமாகிவிட்டது. பேட்ச் என்ற திருத்தம் போட்டு, கேமிலிருந்து வெளியேறும்போது சேவ் ஆகும்படி பிறகு மாற்றினார்கள். அது கரண்ட் போவதற்கு உதவாதே!

அந்தச் சாராயத்தை வாங்கக் காசில்லாமல் காய்ச்சக் கற்றுக்கொண்டேன். மெனுவில் பெயரைத் தொட்டால் புட்டி தயார் என்ற கதையெல்லாம் இல்லை. மேசைமேல் செய்முறைப் புத்தகம் விரிந்திருக்கும். பக்கத்தில் தண்ணீர், ஒயின், எண்ணெய், ஸ்பிரிட் என்று ஜாடிகள். ஒயினை ஊற்றி, நெட்டில் இலையும் பெல்லடோனாவும் முறைப்படி சேர்க்க வேண்டும். நெட்டில் என்றால் நம்ம செந்தட்டி மாதிரி, தொட்டால் அரிக்கும் செடி. எதைக் கல்வத்தில் அரைப்பது, எதை அப்படியே போடுவது என்று புத்தகம் சொல்லும். மணல் கடிகாரத்தை நாமே கவிழ்த்துவைத்து, துருத்தியை அழுத்தித் தீயை ஏற்றி, மணல் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். இலையை ஒரு நொடி தாமதமாகப் போட்டாலும் மனசு அடித்துக்கொள்ளும். சித்த மருந்துக் கடைக்காரர் பேரன் ஒருவன் எனக்கு நண்பன். அவன் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, 'தீ அளவு சரியாத்தான் வச்சிருக்கான்' என்று சான்றிதழ் கொடுத்தான்.

ஆனால் அந்தச் செய்முறையைப் படிக்க வேண்டுமே. படிப்பு வராத ஹென்றி புத்தகத்தைத் திறந்தால் வார்த்தைகளில் எழுத்துகள் இடம்மாறிக் கலைந்து கிடக்கும். 'உனக்குப் படிக்கத் தெரியாது' என்று ஒரு அறிவிப்பைக் காட்டி முடித்திருக்கலாம், அப்படிச் செய்யாமல் என்னையே தற்குறியாக்கி உட்கார வைத்தார்கள். உஷிட்ஸ் ஊர் எழுத்தரிடம் போய்ப் படித்தேன். ஒரேயடியாக எல்லாம் தெளிவாகாது. முதலில் சின்ன வார்த்தைகள் நேராகும், நீளமானவை அடம்பிடிக்கும். வாசிப்பு எண் ஏற ஏறப் பக்கம் ஒழுங்காகும். எனக்கு மிகவும் பிடித்த ஸ்கில் இதுதான், வாளெல்லாம் இதற்குப் பிறகுதான்.

பூட்டுத் திறப்பதைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. கன்ட்ரோலரில் ஒரு குச்சியால் புள்ளியைப் பிடித்து மறு குச்சியால் சுற்ற வேண்டும். செட்டிங்ஸில் எளிய முறைக்கு மாற்றிக்கொண்டேன், நிம்மதி.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். பாதிக் கதைக்குப் பிறகு ஹென்றி தலை முதல் கால் வரை இரும்பில் நிற்கிறான். பெர்னார்ட் கற்றுத்தந்த மாஸ்டர் ஸ்ட்ரைக் வந்துவிட்டால், எதிரி அடிக்கட்டும் என்று காத்திருந்து ஒரு பட்டனை அழுத்தினால் போதும். மூன்று பேர் சூழ்ந்தால் தப்பி ஓடிய பையன் இப்போது கொள்ளைக்காரர் முகாம்களைத் தேடிப் போய்க் கிளறுகிறான். பயம் போன இடத்தில் சுவையும் கொஞ்சம் போனது. நல்லவேளை, அதே சமயத்தில் ஒருவனைத் தேடி சஸாவ் மடாலயத்துக்குள் புதுத் துறவியாகப் போக வேண்டிய குவெஸ்ட், அதாவது கதையில் ஒரு பணி, வந்தது. வாளையும் கவசத்தையும் வாசலிலேயே விட்டுவிட வேண்டும். மணியடித்தால் ஜெபம், மணியடித்தால் சாப்பாடு, மணியடித்தால் தூக்கம். நேரம் தவறினால் தண்டனை. இந்த குவெஸ்டைத் திட்டாத ஆட்டக்காரர் குறைவு. எனக்கோ அது பழைய கையாலாகாத ஹென்றியைத் திருப்பிக் கொடுத்தது.

மெயின் கதை முடிந்துவிட்டது. இரண்டாம் பாகம் 2025 பிப்ரவரியில் வந்தது, அதை ஓட்ட என் கிராபிக்ஸ் கார்டுக்குத் தெம்பில்லை. அதனால் முதல் பாகத்தையே ஹார்ட்கோர் என்ற கடின முறையில் மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். வரைபடத்தில் நாம் நிற்கும் இடம் தெரியாது, வரைபடத்தில் தொட்ட இடத்துக்குச் சட்டெனப் போகும் ஃபாஸ்ட் டிராவல் இல்லை, தொடங்கும்போதே குறைந்தது இரண்டு குறைகளை நாமே ஹென்றியின் தலையில் கட்ட வேண்டும். வயிற்றில் நாடாப்புழுவும் தூக்கத்தில் நடக்கும் வியாதியும் கொடுத்திருக்கிறேன். நேற்று ரட்டேவில் படுத்தவன் விடிந்தபோது ஏதோ காட்டில், கடும் பசியோடு எழுந்தான். ஆற்றுச் சத்தம் எந்தப் பக்கம் என்று காதைத் தீட்டிக்கொண்டு நடந்துகொண்டிருக்கிறோம்.