அப்பத்தாவின் ஜீரோ வாட் பல்பும் அப்பாவின் வெந்நீரும்

இந்த முறை இரண்டு மாதக் கரண்ட் பில்லில் 508 யூனிட். எட்டே எட்டு யூனிட்டில் குடி முழுகிப்போனது. 500-க்குள் நின்றிருந்தால் ஒரு விலை. தாண்டிவிட்டால், தாண்டிய எட்டுக்கு மட்டுமல்ல, 101-ஆவது யூனிட்டிலிருந்தே வேறு விலை. ரீடிங் எடுக்க வந்தவர் இதை அப்பாவிடம் விளக்கிச் சொல்லாமல் போயிருக்கலாம். சொல்லிவிட்டார்.

அன்று மாலையே அப்பா டவுன் ஹால் ரோட்டுக்குப் போய் ஒரு கிளாம்ப் மீட்டர் வாங்கி வந்துவிட்டார். வாயைத் திறந்து ஒயரைக் கவ்வினால் எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டும் கருவி. ஆம்பியரை வோல்டேஜால் பெருக்கினால் வாட். வோல்டேஜை ஆம்பியரால் வகுத்தால் எத்தனை ஓம், அதாவது கரண்டுக்கு எவ்வளவு தடை என்று தெரியும். இந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு வருமான வரிச் சோதனை போல அறை அறையாகப் புகுந்தார். முதல் சோதனை மிக்ஸியில். அம்மா தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருக்க, ஒயரைக் கவ்விப் பார்த்தால் 0.00. கிரைண்டர், 0.00. அயர்ன் பாக்ஸ் கை வைத்தால் பொசுங்குகிற சூட்டில் இருக்கிறது, அதுவும் 0.00.

“நம் வீட்டில் கரண்டே ஓடவில்லை. 508 யூனிட்டும் பொய். புகார் எழுதப் போகிறேன்.”

எழுதியும் விட்டார். மூன்று பக்கம். நல்ல வேளையாக, தபாலில் சேர்ப்பதற்குள் மோட்டார் பார்க்க எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். “ஐயா, ஒயருக்குள்ளே போகிற கம்பியும் வருகிற கம்பியும் சேர்ந்தே இருக்கின்றன. போகிற கரண்டும் வருகிற கரண்டும் சமம். இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றையொன்று அடித்துவிடும்” என்றார். ஒரு பழைய எக்ஸ்டென்ஷன் ஒயரை நீளவாக்கில் கிழித்து, சிவப்புக் கம்பியை மட்டும் வெளியே இழுத்துக் கொடுத்தார். அயர்ன் பாக்ஸ் உடனே 4.3 ஆம்பியர் காட்டியது. சுமார் ஆயிரம் வாட், 53 ஓம். அப்பாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

அதற்குப் பிறகு சாப்பாட்டு மேஜையில், அந்த ஓம் கணக்குக்குப் பெயர் கொடுத்த ஜார்ஜ் சைமன் ஓம் பற்றிய சொற்பொழிவு தொடங்கியது. பூட்டு செய்பவரின் மகனாம். 1827-இல் புத்தகம் போட்டபோது ஜெர்மனியில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லையாம். 1841-இல்தான் லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் கொடுத்ததாம். அறிவாளிகளுக்குச் சொந்த வீட்டில் மதிப்பு இருக்காது என்பது உட்பொருள். அம்மா ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எல்லாச் சோதனையும் கடைசியில் வந்து நின்ற இடம் அப்பத்தாவின் பல்ப். நடையில் முருகன் படத்துக்கு மேலே மாலை ஆறு மணிக்குப் போட்டு, காலை ஆறு மணிக்கு அணைக்கிற சிவப்பு ஜீரோ வாட் பல்ப்.

“அது ஜீரோவடா. ஒன்றும் இழுக்காது” என்றாள் அப்பத்தா.

மீட்டரும் 0.06, 0.07 என்று தடுமாறியது. மறுபடியும் அந்தத் தம்பிதான் வந்தார். கம்பியை மீட்டரின் வாய்க்குள்ளே பத்துச் சுற்றுச் சுற்றினார். 0.65 காட்டியது. பத்தால் வகுத்தால் 0.065. 230-ஆல் பெருக்கினால் பதினைந்து வாட்! பழைய சக்கர மீட்டர்கள் இவ்வளவு சின்னக் கரண்டுக்கு அசையாமல் இருந்ததால் ஜீரோ என்று பெயர் எடுத்த பல்ப் அது. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். இது தினம் பன்னிரண்டு மணி நேரம், அறுபது நாள் என்றால் 10.8 யூனிட். 508-இல் கழித்தால் 497.2.

குற்றவாளி கிடைத்துவிட்டார். அப்பத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. தானே போய் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தபோது நடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்பா சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அப்பத்தா சுவரைத் தடவிக்கொண்டே பாத்ரூமுக்குப் போனதைப் பார்த்திருக்கிறார். “நீ போய்ப் படு” என்றார் என்னிடம்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். அம்மா பியூசியில் பிசிக்ஸ் படித்தவள் என்பது அப்பாவுக்கு மட்டும் அடிக்கடி மறந்துபோகும். காலையில் பில்லின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, காபியோடு கொண்டுவந்து வைத்தாள். ஹீட்டர் 2000 வாட். தினமும் அரை மணி நேரம். நாளுக்கு ஒரு யூனிட், இரண்டு மாதத்துக்கு அறுபது. மதுரை வெயிலில், சித்திரை மாதத்தில், வாக்கிங் போய் வந்து வெந்நீரில் குளிக்கிற மனிதர் இந்தத் தெருவிலேயே ஒருவர்தான்.

அப்பா அசரவில்லை. “அது 230 வோல்ட்டில். சாயங்காலம் தெரு முழுக்க ஏசி ஓடும்போது நமக்கு வருவது 190. ஹீட்டர் 26.45 ஓம். 190-ஐ 190-ஆல் பெருக்கி, அதால் வகுத்தால் 1365 வாட்தான்.”

“சரி. வாட் குறைந்தால் தண்ணீர் சுட அரை மணிக்குப் பதில் முக்கால் மணி ஆகும். யூனிட் எங்கே குறைந்தது?”

அப்பா காபி ஆறிவிட்டது என்றார்.

நேற்று பச்சைத் தண்ணீரில் குளித்தார், தும்மிக்கொண்டே. அப்பத்தா சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள், இண்டக்‌ஷன் அடுப்பில். அதற்கு எத்தனை வாட் என்று யாரும் அளக்கவில்லை. கிளாம்ப் மீட்டர் வாங்கிய ரசீது மட்டும் இன்னும் யார் கண்ணிலும் படவில்லை. அந்தக் காசில் ஜீரோ வாட் பல்பை எத்தனை வருடம் எரிக்கலாம் என்று கணக்குப் பார்க்க, அம்மா அப்பாவின் சட்டைப் பைகளைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.