நாட்டு வகைதானே?

அந்தப் பேச்சு மொத்தம் ஒரு நிமிடம்கூட இருக்காது. ஒரு நீர்நிலையின் கரையில் எதை எங்கே நட வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுத்திருந்தேன். நாற்றங்கால் மேற்பார்வையாளர் கூப்பிட்டிருந்தார். "சார், கோரை 200தான் தேறும்போல. மீதி 800க்குச் சம்பு குடுத்துடட்டுமா? அதுவும் நாட்டு வகைதானே?"

"நாட்டு வகைதான்" என்றேன்.

அவ்வளவுதான். "குடுங்க" என்று நான் சொல்லவில்லை. இதை எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டாயிற்று. அவர் கேட்டது இரண்டு கேள்வி, நான் இரண்டாவதற்கு மட்டும்தான் பதில் சொன்னேன். ஆனால் முதல் கேள்விக்கும் அதையே பதிலாக எடுத்துக்கொள்வார் என்பது போனை வைக்கும்போதே எனக்குத் தெரியும்.

சேற்றில் ஆளுயரம் வளரும் சம்புவைப் பற்றித் தெரியாமல் செய்துவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. ஒரு கதிரில் லட்சத்துக்கும் மேல் விதை. பஞ்சு ஒட்டிக்கொண்டு காற்றில் போய், வெறும் ஈரச்சேறு எங்கே கிடைத்தாலும் முளைத்துவிடும். சேற்றுக்குள் கிழங்கு பக்கவாட்டில் ஓடி, ஓடிய இடமெல்லாம் குருத்து விடும். தண்ணீர் மட்டம் ஏறாமல் இறங்காமல் நின்று, மேலே இருந்து உரச்சத்தும் கலந்து வந்தால் கேட்கவே வேண்டாம். அந்த இடத்தில் இரண்டும் இருந்தன. தண்ணீர் மட்டத்தைக் குறித்துவைத்ததே நான்தான்.

அந்தத் திட்டத்தில் நான் மெனக்கெட்டதும் கோரை நட வேண்டிய அந்த ஆழமில்லாத ஓரப் பட்டைக்குத்தான். ஆழத்தில் அல்லி, மேல்கரையில் நீர்மருது, புங்கன், கரையடியில் நொச்சிப் போத்து (வெட்டி நடும் கிளைத்துண்டு) எல்லாம் கைப்பழக்கம். போத்தின் அடியைச் சாய்வாகவும் தலையைச் சமமாகவும் வெட்டச் சொல்லிவிட்டால் யாரும் தலைகீழாக நடமாட்டார்கள், வேலை முடிந்தது. ஆனால் 10 முதல் 30 செ.மீ. ஆழமுள்ள அந்த ஓரத்தில் கோரையைத் திட்டுத் திட்டாக வைத்து, இடையிடையே சேற்றைச் சும்மா விட்டிருந்தேன். உள்ளான் பறவைகள் இறங்கி மேய அப்படி இடம் வேண்டும். வரைபடத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் "இங்க ஏன் ஒண்ணுமே நடல?" என்று கேட்டார்கள். ஒன்றும் நடாத இடத்துக்காகத்தான் இந்த வேலையில் அதிகம் வாதாட வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு மழைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. கோரை வேண்டும் என்றால் தூரைப் பிரித்து நட்டு வளர்க்க, முந்தைய வருடமே சொல்லிவைத்திருக்க வேண்டும். பணி உத்தரவே தாமதமாகத்தான் கைக்கு வந்தது, அதற்கு நான் என்ன செய்வேன்? 800 குழி காலியாகக் கிடந்தால் மண் அரிக்கும். இப்படி அடுக்கிக்கொண்டே போனால் ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருக்கிறது. அப்புறம் ஏன் அவரிடம் "குடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லவில்லை?

முதல் வருடக் கணக்கெடுப்பில் சம்பு அநேகமாக எதுவுமே சாகவில்லை. "நட்டவை அனைத்தும் நாட்டு இனங்கள்" என்று அறிக்கையில் எழுதினேன். பொய்யில்லை. நீலத் தாழைக்கோழிகளும் வந்துவிட்டன, அவற்றுக்குச் சம்பங்குருத்து என்றால் உயிர். படத்தைப் பார்த்து எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கும்தான்.

மூன்றாம் வருடம் போனபோது கரையில் நின்றால் தண்ணீர் தெரியவில்லை. ஆளுயரத்துக்கு மேல் சம்பு, சுவர் மாதிரி. சேற்றுத் திட்டுகள் இருந்த இடத்தை வரைபடத்தை வைத்துத்தான் தேட வேண்டியிருந்தது. உள்ளே இறங்கி இலைகளை விலக்கினால், காய்ந்து மடிந்த சருகுக்கு நடுவே ஒரே ஒரு கோரைத் தூர். நான்கைந்து தட்டைகள், வெளிச்சம் படாமல் வெளிறி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

நடவின்போது வேலை செய்த அக்கா ஒருவர் அன்றைக்கும் வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "நீங்க நடலைன்னாலும் இது வந்திருக்கும் சார். மேல ஓடை பூரா இதானே கெடக்கு" என்றார். உண்மைதான். அதைக் கேட்டு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் சொன்ன ஒரு சொல்லால்தான் இப்படி ஆயிற்று என்றாவது ஒரு கணக்கு வைத்திருந்தேன், அதுவும் போயிற்று. எதை நட்டாலும் இதுதான் என்றால் 10 செ.மீ., 30 செ.மீ. என்று கோடு போட்டதெல்லாம் எதற்கு?

தட்டைகளைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அறுத்துவிட்டால் கிழங்குக்குக் காற்று போகாமல் அழுகும் என்று எழுதிக் கொடுத்தேன். பராமரிப்புக்குப் பணமில்லை என்று பதில் வந்தது. உள்ளே தாழைக்கோழிக் கூடு இருக்குமே என்று நானும் வற்புறுத்தாமல் விட்டேன். அது நிஜமான காரணமா, சாக்கா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வேலையில் உஷாராகிவிட்டேன். "எழுத்துமூலம் ஒப்புதல் இல்லாமல் மாற்று இனம் நடக் கூடாது" என்று தடித்த எழுத்தில் போட்டேன். அந்த முறையும் கோரை வந்து சேரவில்லை. ஒப்புதல் கேட்டும் யாரும் வரவில்லை. கரையடியில் 60 மீட்டர் வெறுமனே கிடந்தது. முதல் வெள்ளத்தில் தென்னைநார் விரிப்பு பிய்ந்து நொச்சிப் போத்துகளில் கந்தல் துணிபோலத் தொங்கியது. பின்னால் இருந்த மண் போய்விட்டது. சம்பு இருந்திருந்தால் பிடித்திருக்கும். மேற்பார்வையாளர் கோபப்படவில்லை. "நீங்கதானே சார் எழுதிக் குடுத்தீங்க" என்றார்.

முந்தாநாள் அவர் மறுபடி கூப்பிட்டார். இன்னொரு ஓடை, அதே கோரைத் தட்டுப்பாடு. "நாணல் இருக்கு சார்" என்றார். நாட்டு வகைதானே என்று இந்த முறை கேட்கவில்லை. "பார்த்துச் சொல்றேன்" என்றேன். இன்னும் சொல்லவில்லை.