பயமுறுத்தியது பழைய மருந்து

எச்.ஐ.வி.க்கு மருந்து சாப்பிடுகிறவர் என்றால் கன்னம் ஒட்டி, கால் எரிச்சலில் நடக்க முடியாமல், இரவெல்லாம் கெட்ட கனவு கண்டு எழுந்து உட்கார்ந்திருப்பார் என்றுதான் கேரள எல்லையோரத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் கண்டது வேறு மருந்து. இதைப் புரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு எல்லாம் அக்கியில் தொடங்கியது. முதுகிலிருந்து மார்பு வரை கொப்புளம். வேளார் வீட்டில் காவி குழைத்து அக்கி எழுதினார்கள். ஆறிய சில மாதங்களில் மறுபக்கம் வந்தது. பொள்ளாச்சியில் பார்த்த மருத்துவர், நாற்பது வயதுக்காரருக்கு அக்கி திரும்ப வந்தால் ரத்தம் பார்த்துவிடுவது நல்லது என்று சொல்லிக் கோவைக்கு அனுப்பினார். பாலக்காடு எங்களுக்குப் பக்கம்தான். ஆனால் கோவையில் தெரிந்த முகம் எதிரே வராது, எல்லாவற்றையும் தமிழில் கேட்டுக்கொள்ளலாம். எல்லையில் குடியிருப்பதில் இப்படியும் ஒரு வசதி.

அரசு எச்.ஐ.வி. சோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் மூன்று வெவ்வேறு சோதனைகளிலும் ஒரே முடிவு வந்த பிறகே எச்.ஐ.வி. என்று உறுதியாகச் சொன்னார்கள். மனைவிக்கும் பார்த்தார்கள். அவளுக்கு இல்லை. அந்த வாரத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் சி.டி.4 என்னும் நோய் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை, சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை, மஞ்சள்காமாலை பி வகை, மார்பு எக்ஸ்ரே என்று எல்லாம் எடுத்தார்கள். முன்பெல்லாம் சி.டி.4 குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும்வரை மருந்து தரமாட்டார்களாம். 2017 முதல் எண்ணிக்கை எதுவானாலும் உடனே தொடங்கிவிடுகிறார்கள். எனக்கு 200-க்குச் சற்று மேலே இருந்தது. ஆரோக்கியமாக இருப்பவருக்கு 500-க்கு மேல் இருக்கவேண்டியது.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். கன்னத்தில் சதையே இல்லை, எலும்பின் மேல் தோல் மட்டும். அவரைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. அவரே புரிந்துகொண்டார் போல. "தம்பி, இது நோய் செய்ததில்லை, ஸ்டாவுடின் செய்தது. அரசு இலவசமாக மருந்து கொடுக்கத் தொடங்கிய காலத்து ஆள் நான்" என்றார். அந்த இலவசத் திட்டம் 2004 ஏப்ரலில் தொடங்கியது. ஸ்டாவுடின் முகத்துக் கொழுப்பைக் கரைக்கும், பாதத்தில் எரிச்சல் தரும். அதை விலக்கிய பின் பலருக்குக் கொடுத்த ஜிடோவுடினில் ரத்தசோகை வரும். நெவிரபின் சிலருக்குத் தோலைப் பதம்பார்க்கும். எஃபாவிரென்ஸ்தான் கனவு மாத்திரை. படுக்கும்முன் போட்டால் தலை சுற்றும், விசித்திரமான கனவுகள் வரும். பெரியவர் இத்தனையையும் கடந்து வந்து, இப்போது நான் சாப்பிடும் அதே மாத்திரையைச் சாப்பிடுகிறார். எங்கள் ஊர்ப் பேச்சு அவருடைய பழைய மாத்திரைகளிலேயே நின்றுவிட்டது.

இப்போது பெரும்பாலானோருக்குத் தருவது டி.எல்.டி. டெனோஃபோவிர் 300 மி.கி., லாமிவுடின் 300 மி.கி., டோலுடெக்ராவிர் 50 மி.கி. மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று. நான் தேங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறவன், அதனால் இதை என் வழியில் புரிந்துகொண்டேன். வைரஸ் தன்னிடமுள்ள துண்டுச்சீட்டை நம் உடம்பின் எழுத்தில் படியெடுத்து, அதை உயிரணுவின் பேரேட்டில் ஏற்றிவிடுகிறது. பிறகு பேரேட்டில் உள்ளபடியே உயிரணு புது வைரஸ்களைச் செய்துகொடுக்கிறது. டெனோஃபோவிரும் லாமிவுடினும் படியெடுப்பதைக் கெடுக்கின்றன, டோலுடெக்ராவிர் பேரேட்டில் ஏற்றவிடாமல் தடுக்கிறது. ஏற்கெனவே ஏறிவிட்ட பதிவை எந்த மருந்தும் அழிப்பதில்லை. அதனால்தான் வாழ்நாள் முழுக்கச் சாப்பிடவேண்டியிருக்கிறது. விட்டு விட்டுச் சாப்பிட்டால் அந்த இடைவெளியில் வைரஸ் மருந்துக்கு மசியாத வகையாக மாறிக்கொள்ளும்.

எனக்கு வந்த பக்கவிளைவுகளைச் சொல்கிறேன். முதல் வாரம் தலைவலி, லேசான குமட்டல். தூக்கம்தான் சுத்தமாகப் போய்விட்டது. ஆலோசகர் பெண், "அண்ணா, இதை இரவில்தான் போடவேண்டும் என்று கட்டாயம் இல்லை. காலையில் மண்டிக்குக் கிளம்பும்போது போட்டுவிடுங்கள், நேரம் மட்டும் மாறக்கூடாது" என்றார். மாற்றிய சில நாட்களில் தூக்கம் திரும்பிவிட்டது.

உண்மையில் என்னைப் படுத்தியது எச்.ஐ.வி. மாத்திரையே இல்லை. காசநோய் வராமல் தடுக்க ஆறு மாதம் ஐசோநியாசிட் தந்தார்கள். அதில்தான் விரல் நுனியெல்லாம் ஊர்வது போலிருந்தது. அதற்குத் துணையாக பி6 வைட்டமின் மாத்திரையும் உண்டு. அது சின்னதாக இருக்கிறதே என்று அலட்சியமாக விடவேண்டாம். சி.டி.4 குறைவாக இருந்ததால், வேறு தொற்றுகள் வராமல் தடுக்கும் கோட்ரிமாக்சசோலும் சேர்ந்தது. எண்ணிக்கை ஏறி நிலைத்த பின் அதை நிறுத்திவிட்டார்கள்.

மருந்தகத்தில் அழுத்திச் சொன்னது ஒன்றுண்டு. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளும், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அந்த இளஞ்சிவப்பு மருந்தும் டோலுடெக்ராவிரைப் பிடித்துவைத்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போதான் இதைப் போடவேண்டும். முதுகுவலிக்கு நாமாகவே கடையில் வாங்கி விழுங்கும் டைக்லோஃபெனாக் வகையும் கூடாது. டெனோஃபோவிர் ஏற்கெனவே சிறுநீரகத்துக்கு வேலை வைக்கிறது. கள்ளைப் பற்றியும் கேட்டேன். கள்ளுக்குப் பேர்போன எங்கள் சித்தூர் தாலுகாவில் இருந்துகொண்டு கேட்காமல் இருக்க முடியுமா? மாத்திரையோடு நேராக மோதாது, ஆனால் குடித்தவன் மாத்திரையை மறப்பான் என்றார் மருத்துவர். சரியான பதில்தான்.

சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் சற்று ஏறியபோது பயந்தேன். டோலுடெக்ராவிர் அந்தக் கழிவு சிறுநீரில் வெளியேறுவதைக் கொஞ்சம் தடுப்பதால், சிறுநீரகம் கெடாமலே எண் கூடிக் காட்டும் என்று விளக்கினார்கள். இருந்தாலும் டெனோஃபோவிர் இருப்பதால் மறுபடி பார்த்தார்கள். நிலையாக இருந்தது.

மாத்திரை டப்பாவை மறைப்பது பக்கவிளைவுகளைவிடப் பெரிய பாடு. பையில் போட்டால் பஸ் குலுங்கும்போதெல்லாம் கலகலவென்று சத்தம். ஈரம் பட்டால் கெடும் என்பதால் வேறு டப்பாவுக்கும் மாற்றக்கூடாது. ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எடுக்காமல், மேலே கொஞ்சம் பஞ்சை வைத்து மூடினாள் மனைவி. சத்தம் நின்றது.

ஆறாவது மாதம் வைரஸ் அளவு பார்த்தார்கள். கண்டறிய முடியாத அளவு. அது அப்படியே நீடிக்கும்வரை உடலுறவு வழியாக மனைவிக்குப் பரவாது என்று இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்கள். அவள் கேட்ட கேள்விகளை நான் கேட்டிருக்கமாட்டேன்.

பிறகு அலைச்சல் வேண்டாமென்று பாலக்காட்டுக்கு மாற்றிக்கொண்டேன். கேரளத்தில் சோதனை மையத்துக்கு ஜோதிஸ் என்றும் மருந்து தரும் மையத்துக்கு உஷஸ் என்றும் பெயர், பலகையைத் தேடுகிறவர்களுக்கு உதவும். மாற்றல் கடிதமும், மையத்தில் தரும் பச்சைச் சிகிச்சைக் கையேடும் இருந்தால் போதும், மருந்து அதேதான். கையில் சில நாள் மாத்திரை மிச்சம் இருக்கும்போதே மாறுங்கள்.

இடையில் பல் பிடுங்கப் போன தனியார் கிளினிக்கில், உண்மையைச் சொன்னதும் நாற்காலியிலிருந்து இறக்கிவிட்டார்கள். எச்.ஐ.வி. உள்ளவருக்கு சிகிச்சை மறுப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூடாது, 2018 செப்டம்பர் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அன்றைக்கு வாதாடப் பல்வலி விடவில்லை. அரசு மருத்துவமனையில் பிடுங்கிக்கொண்டேன்.

இப்போது மிச்சமிருக்கும் தொல்லை எடை. இந்த மருந்தில் சிலருக்கு எடை கூடும், எனக்குக் கூடியிருக்கிறது. மண்டியில் எல்லோரும் "என்னங்க, வியாபாரம் நல்லாப் போகுதா" என்று தொப்பையைப் பார்த்துக் கேட்கிறார்கள். மருத்துவரோ சோற்றைக் குறைக்கச் சொல்லி, அடுத்த முறை சர்க்கரையோடு கொழுப்பும் பார்க்கவேண்டும் என்று சீட்டில் எழுதியிருக்கிறார்.